சைவம் எண்டு பச்சைப் பேப்பர் ஒட்டின பஃபேயை நம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனனான்

வீட்டில சைவம் சாப்பிடுற அம்மா, அம்மம்மா, மாமி ஆர் இருந்தாலும் தயவுசெய்து இதை ஒருக்கா முழுசா வாசியுங்கோ. யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள ஒரு இந்தியன் ரெஸ்ரோரண்டில போன கிழமை எங்களுக்கு நடந்தது. கடைப்பேரை இப்ப போடேல்லை, முறைப்பாடு குடுத்திருக்கிறம், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

அக்கா கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு ரெண்டு பிள்ளையளோட வந்து நிக்கிறா. கொடியேறின நாளில இருந்து 25 நாளும் எங்கட வீட்டில மச்சம் காய்ச்சேல்லை, பிள்ளையளும் பாவம் ஒண்டும் சொல்லாமச் சாப்பிட்டதுகள். தேர் தீர்த்தம் எல்லாம் முடிய, சின்னவன் நான் ரொட்டியும் பட்டர் சிக்கனும் வேணும் எண்டு கேட்டான். அப்பா செத்த வருசத்தில இருந்து அம்மா சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கே தொடமாட்டா. வெளியில சாப்பிடுறதெண்டா மலாயன் கபேயில வாழையிலையில சாப்பிட்டிட்டு வாறதோட சரி. அவவை விட்டிட்டு நாங்கள் மட்டும் போக மனமில்லை, எல்லாரும் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டு எத்தினை வருசம், அதுதான் சைவமும் அசைவமும் இருக்கிற இடமா பாத்து மதியப் பஃபேக்குப் போவம் எண்டு முடிவெடுத்தம்.

போறதுக்கு முதல் நான் போன் எடுத்துக் கேட்டனான், அம்மா சைவம், மச்சம் பட்ட கரண்டி கூடப் படக்கூடாது எண்டு. "ஓம் அக்கா, சைவத்துக்கு வேற சமையல், வேற மேசை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டு ஒரு பெடியன் சொன்னவர். வாசல் போர்ட்டில ஒராளுக்கு 1,990 ரூபா, 12 வயசுக்குக் கீழ அரைவாசி எண்டு பெரிசா எழுதியிருந்தது. பெரியாக்கள் நாலு, பிள்ளையள் ரெண்டு, 9,950 ரூபா வரும் எண்டு கணக்குப் பாத்திட்டுத்தான் உள்ளுக்குப் போனனாங்கள்.

உள்ளுக்குப் போனா வேற மேசையும் இல்லை ஒண்டும் இல்லை. ஒரே நீட்டு மேசை, சைவத் தட்டுகளில பச்சைப் பேப்பர், மற்றதில சிவப்புப் பேப்பர் ஒட்டியிருக்கு, பட்டர் சிக்கனும் பன்னீர் பட்டர் மசாலாவும் பக்கத்தில பக்கத்தில. ரெண்டுக்கும் நடுவில ஒரு வெள்ளைக் கோப்பை, அதுக்குள்ள ரெண்டு கரண்டியும் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு, எந்தக் கரண்டி எதுக்கு எண்டு ஆருக்குத் தெரியும். நான் அந்த இடத்திலயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியில வந்திருக்கவேணும். வரேல்லை. பிள்ளையள் கோப்பையைக் கையில எடுத்திட்டுதுகள், அக்கா வேற ஆசையா நிண்டவ, நானும் வாயைத் திறக்கேல்லை. அது என்ர பிழைதான்.

எங்கட இவர் முந்திக் கட்டாரில ஹொட்டல் கிச்சினில நாலு வருசம் வேலை செய்தவர். அவர் சோத்துத் தட்டைத் தூக்கிக் கீழ பாத்திட்டுச் சொன்னார், அடியில எரியிற ஜெல் ரின் நூந்துபோய்க் கிடக்கு, தண்ணியும் ஆறிப்போச்சு எண்டு. பஃபேத் தட்டுக்குக் கீழ சுடுதண்ணி இருக்கவேணும், அதைச் சூடா வைச்சிருக்கத்தான் அந்த நெருப்பு. சமைச்ச சாப்பாட்டை 60 பாகைக்கு மேல சூடா வைச்சிருக்கவேணும், ஆறவிட்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளியில வைக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நாங்கள் போனது ஒரு மணிக்கு, சோறு அப்பவே பச்சைத்தண்ணி மாதிரி. ஒரு பெடியனைக் கூப்பிட்டுச் சொல்ல "இப்ப மாத்துறன் அண்ணை" எண்டிட்டுப் போனவர், நாங்கள் எழும்புமட்டும் வரவே இல்லை.

அம்மா முதல் எடுத்த பன்னீர் பிரச்சினை இல்லை. ருசியா இருக்கு எண்டு அவவே சொன்னா, அவ அப்பிடிச் சொல்லுறது குறைவு. பிறகு பன்னீர்த் தட்டு முடிஞ்சு அவையள் திருப்பி நிரப்பினாப்பிறகு கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தவ. நான் ரொட்டியைப் பிச்சுத் தோய்ச்சு ரெண்டு வாய் சாப்பிட்டவ, மூண்டாவது வாயில சப்பிறதை நிப்பாட்டிட்டா. நான் பல்லில ஏதோ கடிபட்டுப்போச்சு எண்டு நினைச்சன். வாய்க்குள்ள விரலை விட்டு மெல்லமா ஒண்டை எடுத்து ரிஸ்யூவில வைச்சா. ஒரு இஞ்சி கூட வராது, மெல்லிசா, ஒரு பக்கம் கறுப்பா சுட்ட அடையாளம், அதில ஒட்டினபடி நார் மாதிரி இறைச்சி. கோழி எலும்பு. அம்மா ஒண்டுமே சொல்லேல்லை, ரிஸ்யூவை நாலா மடிச்சு கோப்பைக்குக் கீழ வைச்சிட்டு கை கழுவ எழும்பிப் போட்டா, பிள்ளையள் பாக்கக்கூடாதெண்டு. அவ திரும்பி வரேக்க கண் ரெண்டும் சிவந்திருந்தது.

நான் மனேஜரைக் கூப்பிட்டு ரிஸ்யூவை விரிச்சுக் காட்டினன். அவர் அதைப் பாத்திட்டு, ஒரு மன்னிப்புக்கூடக் கேக்காமல், "ரெண்டும் ஒரே கிரேவிதானே அக்கா, துண்டு தவறி விழுந்திருக்கும், எடுத்து வைச்சிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம்" எண்டார். பதினொரு வருசமா விரதம் மாதிரி இருக்கிற ஒரு மனிசியை வைச்சுக்கொண்டு சொல்லுற கதையா இது?

ஒரே கிரேவி எண்டதை இவர் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். தக்காளி, கஜு, பட்டர், கிறீம் போட்டு அடிக்கிரேவியை ஒரு பெரிய சட்டியில காய்ச்சி வைச்சு, அதில எடுத்துத்தான் பட்டர் சிக்கனும் செய்வினம், பன்னீர் பட்டர் மசாலாவும் செய்வினம், அது வழமைதானாம், பிழையும் இல்லையாம். ஆனா கோழி அந்த அடிச்சட்டிக்குள்ள போகக்கூடாது. சிக்கன் போட்டுக் கொதிச்ச கிரேவியில மிச்சத்தை அள்ளி அதுக்குள்ள பன்னீரைப் போட்டிருப்பினம், அதாலதான் சுட்ட எலும்பு வந்திருக்கும் எண்டு நினைக்கிறன் எண்டார். இனி எங்க போனாலும் "சைவம் இருக்கோ" எண்டு கேக்காதேங்கோ, ஓம் எண்டுதான் சொல்லுவினம். கிரேவி எந்தச் சட்டியில எடுக்கிறியள், பொரிக்கிற எண்ணெய் வேறயோ, கரண்டி வேறயோ எண்டு கேளுங்கோ, கேட்டிட்டு மேசையைப் போய்ப் பாத்திட்டு இருங்கோ.

இதுக்கு மேல பில்லு. 16,248 ரூபா. பிள்ளையளுக்கு எட்டும் பத்தும் வயசு, ரெண்டுக்கும் முழுக்காசு, கேட்டா அரைவாசி அஞ்சு வயசுக்குக் கீழயாம், போர்ட் பழசாம். சேவிஸ் சார்ஜ் 10 வீதம், அதுக்கு மேல வற் வரி 18 வீதம். வற் 2024 தொடக்கம் 18 வீதம்தான், அது எனக்கும் தெரியும், ஆனா பதிவு செய்யாத கடை வற் எண்டு சனத்திட்டக் காசு எடுக்கேலாது, இந்தப் பில்லில வற் பதிவு இலக்கமே இல்லை. ஒரு லீற்றர் தண்ணிப்போத்தில் மூண்டு, போத்தில்ல 100 ரூபா எண்டு அடிச்சிருக்கு, பில்லில 250 போட்டிருக்கு. அடிச்ச விலைக்கு மேல விக்கிறது குற்றம். நான் காட்டிக் கதைக்க மனேஜர் காசுமேசைக்குப் பின்னால நிண்டு போனைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அம்மாதான் என்ர கையைப் பிடிச்சு "விடு பிள்ளை, குடுத்திட்டு வா, எனக்கு வீட்ட போகவேணும்" எண்டவ. அக்கா பாங்க் காட்டைக் குடுத்தவ.

அண்டைக்குப் பின்னேரம் நாலரைபோல சின்னவன் சத்தி எடுக்கத் தொடங்கினான். மூண்டு தரம். சோறுதான் எண்டு நான் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டன், ஆனா சோத்தில இருக்கிற ஒரு கிருமி கொதிக்க வைச்சாலும் சாகாமக் கிடந்து, ஆறின சோத்தில பெருகி விடுற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது, சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குள்ள சத்தி வரும். பாத்த ஆறின சோறும் வந்த நேரமும் எனக்குப் பொருந்துது. சத்திக்குக் குடுக்கிற ஜீவனிப் பவுடரைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்து, இரவு பத்துமணிக்குத்தான் பிள்ளை படுத்தது.

மற்ற நாள் காலமை நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு எடுத்து விலையள், தண்ணிப்போத்தில் எல்லாம் சொன்னனாங்கள், சாப்பாட்டு விசயத்தை எங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) ஐயாட்ட எழுத்தில குடுத்தனாங்கள். பில்லு, போர்ட் படம், போத்தில், எலும்பு எல்லாம் இருந்தபடியாத்தான் அவர் காது குடுத்துக் கேட்டவர். உங்களுக்கும் இப்பிடி நடந்தா கோபத்தில பில்லைக் கிழிச்சு எறிஞ்சிட்டு வராதேங்கோ. பில்லுத் தராட்டிக் கேட்டு வாங்குங்கோ, கேட்டாக் குடுக்கவேணும் எண்டு 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலயே இருக்கு.

அம்மா அண்டைக்கு வீட்ட வந்தவுடன கிணத்தடியில தலைக்கு வாத்திட்டு சாமியறைக்குள்ள போனவ, இரவு ஒண்டும் சாப்பிடேல்லை, மற்ற நாள் முழுக்கத் தேத்தண்ணியும் தண்ணியும்தான். என்னைப் பாத்து "நீ என்ன செய்வாய், தெரிஞ்சோ செய்தனி?" எண்டு சொன்னா, அவ அப்பிடிச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு அழுகை வந்தது. அக்கா வாற வியாழக்கிழமை திரும்பப் போறா. போகமுதல் ஒருக்கா எல்லாருமா மலாயன் கபேயிலயாவது சாப்பிடுவம் வாங்கோ எண்டு நேற்றுக் கேட்டவ. அம்மா வரமாட்டன் எண்டிட்டா, வீட்டிலயே காய்ச்சித் தாறன் எண்டு உழுந்து ஊறப்போட்டிருக்கிறா.