பச்சை லைட்டை நம்பாதீர்கள்: லித்தியம் செல் சார்ஜர் வாங்குவோர் கவனத்துக்கு

18650 செல்லுக்கு (டார்ச், பவர் பேங்க் போன்றவற்றில் வரும் உருளை வடிவ லித்தியம் செல்) சார்ஜர் வாங்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் நான் வாங்கிய நாலு ஸ்லாட் சார்ஜர், நிரம்பிய செல்லுக்குள் மேலும் மேலும் கரண்டைத் திணித்துக்கொண்டே இருந்தது. கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில்: “கிரீன் லைட் எரியுதுல்ல சார், அப்போ சார்ஜர் ஓகேதான்.” பொருளையும் திருப்பி எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. பெயரை இங்கே போடவில்லை, போட்டும் பயனில்லை. அதே பெட்டி பத்துப் பதினைந்து பெயர்களில் விற்பனைக்கு இருக்கிறது.

விளம்பரத்தில் என்னென்னவோ எழுதியிருந்தார்கள். நாலு ஸ்லாட்டும் தனித்தனியாக வேலை செய்யும், ஒவ்வொன்றுக்கும் 1 ஆம்பியர், நிரம்பியதும் தானாக நின்றுவிடும், கூடவே 9900 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) செல் இரண்டு இலவசம்.

இலவசத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு செல்லில் வழக்கமாக அடங்குவது சுமார் 3500, 3600 எம்ஏஎச்தான், மிஞ்சிப்போனால் 4000 சொச்சம். 9900 என்று அட்டையில் அச்சடிக்க மட்டும்தான் முடியும். நல்ல செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். இவர்கள் அனுப்பியதைத் தராசில் வைத்தேன், 31 கிராம். அந்தச் செல்லை நான் எதிலும் போடவில்லை.

சரி, சார்ஜருக்கு வருவோம். செல்லை வெளியே எடுக்கும்போது கை சுடுகிற அளவுக்குச் சூடு, மேல் உறையிலிருந்து லேசாகப் பிளாஸ்டிக் வாடை. சார்ஜ் ஏறும்போது செல் வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். ஆனால் பச்சை விளக்கு வந்து நெடுநேரம் ஆன பிறகும் சூடு இருந்தால் ஏதோ தவறு. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பச்சை வந்தவுடன் செல்லைக் கழற்றி அளந்தால் 4.23 வோல்ட். மறுபடி ஸ்லாட்டிலேயே வைத்து, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 4.31. மீட்டரில்தான் கோளாறோ என்று, என்னிடமிருந்த பழைய சார்ஜரில் ஏற்றிய செல்லையும் அதே மீட்டரில் அளந்தேன். 4.19 காட்டியது.

இந்த 0.1 வோல்ட்டுக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். வழக்கமான லித்தியம் அயன் செல்லின் உச்சவரம்பு 4.20 வோல்ட். அதில் 0.05 வோல்ட் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான் சலுகை. அதைத் தாண்டினால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், நேர்முனைப் பொருள் நிலைகுலையும், உள்ளே வாயு சேரும். செல்லின் ஆயுள் குறைவது சின்ன நஷ்டம். ஒருநாள் அது தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு கட்டுப்பாட்டை மீறினால் தீதான்.

ஒழுங்கான சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில் மாறாத கரண்ட், செல் 4.20ஐத் தொட்டதும் மாறாத வோல்டேஜ். இரண்டாவது கட்டத்தில் கரண்ட் தானே படிப்படியாகக் குறையும். பத்தில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கியதும் சார்ஜர் முழுதாகத் துண்டித்துவிட வேண்டும். பழைய நிக்கல் பேட்டரிகளில் செய்வதுபோல் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருக்கும் வேலை லித்தியத்துக்கு ஆகாது. எனக்கு வந்த பெட்டியில் கரண்ட் குறைந்தால் விளக்கின் நிறம் மாறும், அவ்வளவே. கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். செல்லே போடாமல் மின்சாரம் கொடுத்தாலும் அதே பச்சைதான் எரிந்தது. செல் இருக்கிறதா இல்லையா என்றுகூட அதற்குத் தெரியாது.

அடுத்தது “தனித்தனி ஸ்லாட்”. சார்ஜரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, செல்களையும் எடுத்துவிட்டு, மீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் (தொடும் இரண்டு இடங்களுக்கும் இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்துத் தொட்டுப் பார்த்தேன். நாலு நேர்முனைத் தகடுகளுக்கும் இடையே பீப். நாலு எதிர்முனைகளுக்கும் இடையேயும் பீப். அதாவது நாலு ஸ்லாட்டும் ஒரே கம்பியில் கட்டியவை. இதில் ஒரு பக்கம் நிரம்பிய செல்லையும் பக்கத்தில் காலியான செல்லையும் போட்டால், நிரம்பியது காலியானதற்குள் தடையில்லாமல் பாயும். அந்தக் கரண்ட்டைக் கட்டுப்படுத்த நடுவில் ஒன்றுமே கிடையாது. எனக்கு அதிகம் பயம் கொடுத்தது இதுதான், வோல்டேஜ் விஷயம்கூட இரண்டாவதுதான்.

மூன்றாவது பொய் விளம்பரப் படத்திலேயே இருந்தது. சார்ஜரின் முதுகில் உள்ளீடு 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. ஆக உள்ளே போவது 10 வாட். நாலு ஸ்லாட்டுக்கும் ஆளுக்கு 1 ஆம்பியர் 4.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 17 வாட் வேண்டும். மீதி எங்கிருந்து வரும்? யூஎஸ்பி மீட்டர் வைத்துப் பார்த்ததில், நாலு செல்லும் காலியாக இருந்தபோதே மொத்தமாக அது இழுத்தது அரை ஆம்பியருக்குச் சற்று அதிகம்.

இதையெல்லாம் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் பச்சை விளக்குப் பாடம். அப்புறம் “உங்க மீட்டர் சரியில்லை சார்”. பழைய சார்ஜரோடு ஒப்பிட்ட படத்தை அனுப்பியதும், “நாங்க கொடுத்த செல் போட்டாத்தான் வாரண்டி, வெளிச் செல்லுக்குப் பொறுப்பில்லை” என்றார். 9900 எம்ஏஎச் செல்லைப் போட வேண்டுமாம்! கடைசியில், பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறேன் என்று சொல்லி ரிட்டர்னை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு திருகாணியைக்கூட நான் தொடவில்லை.

வாங்கும்போது நான் இப்போது பார்ப்பவை: உள்ளீட்டு வாட் கணக்கு ஸ்லாட் கணக்கோடு பொருந்துகிறதா, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி வோல்டேஜ் எண் திரையில் தெரிகிறதா (ஓடும் பேட்டரிப் படம் வெறும் அலங்காரம்), கரண்ட்டை நாமே தேர்ந்தெடுக்க முடிகிறதா. 3000 எம்ஏஎச் செல்லுக்கு 1 ஆம்பியர் சுகமானது. அதையே 16340 மாதிரிச் சின்னச் செல்லுக்குக் கொடுத்தால் அதிகம், அதற்குக் கால் ஆம்பியர் போதும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LiFePO4, இது வேறு வகை) செல் வைத்திருப்பவர்கள், சார்ஜரில் 3.65 வோல்ட் நிலை தனியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 4.2 அதற்கு ஆகாது. செல்லில் பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கிறதே என்று சார்ஜரில் அலட்சியம் காட்ட வேண்டாம். அது ஏறக்குறைய 4.25, 4.3 வோல்ட்டுக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும், அதுவும் வேறெதுவும் கைகொடுக்காதபோது உதவுவதற்காக வைத்தது.

சுவரில் நேரடியாகச் செருகும் மலிவு ரகங்களை நான் வாங்கவே மாட்டேன். உள்ளே மின்வாரிய மின்சாரத்துக்கும் செல் தொடும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. யூஎஸ்பி ரகமும் நல்ல அடாப்டரும் பரவாயில்லை.

புதிதாக வாங்கியவர்கள் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நல்ல செல் ஒன்றைப் போட்டு, பக்கத்திலேயே இருந்து, பச்சை வந்ததும் ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டாவது எண் 4.20ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே கழற்றிவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே திருகாணிகள் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாததால்தான் என் புகார் நிற்கவில்லை.