காற்றாலையும் கடல் நீரோட்ட டர்பைனும்: தூணைப் பகிர்வதா, கேபிளைப் பகிர்வதா?

காற்றிலும் நீரோட்டத்திலும் சேர்த்து மின்சாரம் எடுக்க மூன்று வழிகள் உண்டு. கடலடியில் நட்ட ஒரே தூணில் இரண்டு டர்பைன்களையும் பொருத்தலாம். நங்கூரமிட்ட ஒரே மிதவையில் வைக்கலாம். அல்லது தனித்தனியே நிறுத்தி, துணைமின் நிலையத்தையும் கரைக்கு வரும் கேபிளையும் மட்டும் பகிரலாம். பெரும்பாலான இடங்களுக்கு மூன்றாவதுதான் பொருந்தும்.

காரணம் இடம். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,060 வாட் பாய்கிறது, நொடிக்கு 2.5 மீட்டர் நீரோட்டத்தில் 8,000 வாட். ஆனால் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கேற்ப (வேகம் × வேகம் × வேகம்) மாறும். நீரோட்டம் 0.5 மீட்டராகச் சரிந்தால் 64 வாட்தான். டர்பைன் சுற்றவே தொடங்காது. வேகமான ஓதநீரோட்டம் (கடல் மட்டம் ஏறி இறங்குவதால் வரும் நீரோட்டம்) பெரும்பாலும் கரையை ஒட்டிய நீரிணைகளில் இருக்கும். தடையற்ற காற்றோ திறந்த கடலில்.

இரண்டும் அமைந்த இடத்திலும் ஒரே தூண் எளிதல்ல. 1 மெகாவாட் எடுக்கும்போது காற்றாலை மீது விழும் தள்ளுவிசை ஏறத்தாழ 17 டன் என்றால், நீரோட்ட டர்பைன் மீது 80 டன். முன்னது மிக உயரத்திலிருந்து தூணைச் சாய்க்கப் பார்க்கும். பின்னது ஓதம் மாறும்போதெல்லாம் எதிர்த்திசையில் தள்ளும். தூணுக்குப் பின்னால் நீர் கலங்குவதால் அங்கே சுற்றும் பிளேடின் அடிப்பகுதி களைப்பேறி விரிசல் விடும். 2008இல் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக் என்ற கடற்கழியில் நிறுவிய 1.2 மெகாவாட் நீரோட்ட டர்பைனான சீஜென் இதைத் தவிர்க்கவே 16 மீட்டர் விட்டமுள்ள இரண்டு சுழலிகளையும் குறுக்குக் கையின் இரு முனைகளில் வைத்தது. பராமரிப்புக்கு அந்தக் கை தூணிலேயே வழுக்கி நீருக்கு மேலே வந்தது. அத்தகைய தூணின் உச்சியில் காற்றாலையை ஏற்றினால், அதன் இணைப்புப் பகுதி, படகு ஏணி, கேபிள் குழாய் எல்லாம் கை ஏறும் பாதையில் குறுக்கிடும்.

மிதவையைத் துறைமுகத்துக்கு இழுத்துவந்து பழுதுபார்க்கலாம்; அது பெரிய வசதி. 2021இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி கடலில் இறக்கிய 2 மெகாவாட் மிதக்கும் நீரோட்ட டர்பைன் ஆர்பிட்டல் ஓ2 அப்படிப்பட்டதுதான். ஆனால் அது 74 மீட்டர் நீளமுள்ள தாழ்வான உடல். அதன்மேல் கோபுரம் நட்டால் ஈர்ப்பு மையம் உயரும், மிதவை ஆடும், ஆட்டத்தோடு நீருக்கடியில் உள்ள சுழலியின் சுமையும் ஏறி இறங்கும்.

கேபிளைப் பகிரும்போது இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை. 30 மெகாவாட் காற்றும் 10 மெகாவாட் நீரோட்டமும் இருக்கும் இடத்தில் 40 மெகாவாட் கேபிள் வேண்டியதில்லை; 32 மெகாவாட் அளவிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் கடலில் நீரோட்டம் ஏறத்தாழ நான்கு முறை ஓய்கிறது. ஓதம் வலுக்குறையும் தாழ்வோத நாட்களில் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டும் சேர்ந்து உச்சம் தொடும் நேரம் குறைவு. அப்போது காற்றாலையின் பிளேடைத் திருப்பி உற்பத்தியைக் குறைக்கலாம். ஓதம் முன்கூட்டியே தெரிவதால் அந்த நேரத்தையும் அட்டவணையிடலாம். புதைத்த கேபிள் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால் குறுகிய உச்சத்தைச் சற்றுத் தாங்கும். கரையேறும் இடத்தின் வெப்பநிலையை மட்டும் விடாமல் கவனிக்கவேண்டும். கேபிள் அறுந்தால் இரண்டும் நின்றுபோகும் என்பதே இதன் பெரிய பலவீனம். ஒரு பக்கத்துப் பழுது மறுபக்கத்தை முடக்காதிருக்க, ஒவ்வொன்றுக்கும் தனி கன்வெர்ட்டரும் (மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றும் கருவி) தனி பிரேக்கரும் (பழுதில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.

கேபிள் அளவை முடிவுசெய்யும் முன் நீரோட்டத்தைக் கடலடி டாப்ளர் கருவியால் (ஒலியலை அனுப்பி நீரின் வேகத்தை அளப்பது) குறைந்தது 30 நாளும், காற்றை ஓராண்டும் அளந்து, இரண்டையும் மணிவாரியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவும்.