பென்டிரைவ் கண்ணில் படாத நாள்

லினக்ஸில் அப்டேட் போட்டால் ரீபூட் செய்தே ஆகவேண்டுமா என்று நண்பர் போன வாரம் கேட்டார். பெரும்பாலும் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன். இரண்டே நாளில் என் மடிக்கணினி மானத்தை வாங்கிவிட்டது.

ஆறு வருடமாக அதில் ரோலிங் வகை டிஸ்ட்ரோதான், அதாவது பதிப்பு பதிப்பாக இல்லாமல் அப்டேட்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் லினக்ஸ். காலையில் அப்டேட் போட்டேன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் சேர்ந்து வந்தது, அப்படியே விட்டேன். மாலையில் அவசரத்துக்குப் பென்டிரைவைச் செருகினால் ஒரு அசைவும் இல்லை. போர்ட் போச்சா, டிரைவ் போச்சா என்று அரை மணி நேரம் வீண். நடந்தது இதுதான்: புதிய கெர்னலை நிறுவும்போதே பழைய கெர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது அது ஏற்றிக்கொள்ளும் துண்டு நிரல்கள்) வட்டிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டன. ரீபூட் செய்யாததால் ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல். யூஎஸ்பி சேமிப்பகத்துக்கான மாட்யூலை அது தேடிப் போனபோது அங்கே ஒன்றுமில்லை. எனக்கு இது நாலாவது முறை! ரீபூட் செய் என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

கோபத்தை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், அடிப்படை ஏற்பாடு அருமையானது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியை அப்டேட் மாற்றினாலும், பழைய கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை விடும்வரை அதன் உள்ளடக்கம் வட்டில் இருக்கும். அதனால்தான் வேலை செய்துகொண்டே அப்டேட் போட முடிகிறது. சிக்கலும் அங்கேதான். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டையை அடைத்தாலும், ஏற்கெனவே பின்னணியில் ஓடும் சர்வீஸ் பழைய ஓட்டையோடுதான் ஓடும். 2014இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தபோது பேட்ச் போட்டது மட்டும் போதவில்லை, சர்வீஸ்களையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. எதையெல்லாம் தொடங்கவேண்டும் என்று நீட்ரீஸ்டார்ட் சொல்லிவிடும், நல்ல கருவி.

என் மேசைக்கணினியில் உபுண்டு என்ற இன்னொரு டிஸ்ட்ரோ. ரீபூட் வேண்டுமென்றால் ‘ரீபூட் ரிக்வயர்ட்’ என்று ஒரு கோப்பை அதுவே உருவாக்கி வைக்கும், எந்தப் பேக்கேஜால் என்ற பட்டியலும் பக்கத்திலேயே இருக்கும். இவ்வளவுதானே நான் கேட்பது!

என் வழக்கம்: கெர்னல், மைக்ரோகோட் (பிராசசருக்கான திருத்தம்), ஜிலிப்ஸி (பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி), என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் வந்தால் ரீபூட். பிரவுசர் என்றால் மூடித் திறந்தால் சரி. மற்றதெல்லாம் சர்வீஸை மறுபடி தொடங்குவதோடு முடிந்துவிடும்.

நண்பரிடம் உபுண்டு போடச் சொல்லிவிட்டேன். என் மடிக்கணினியில் அதே ரோலிங்தான், மாற்றும் எண்ணம் இல்லை. இன்று காலையும் கெர்னல் வந்தது. ரீபூட் செய்யவில்லை. பென்டிரைவை மட்டும் அப்டேட்டுக்கு முன்பே செருகி வைத்துவிட்டேன்.