ரெண்டாவது ஜன்னல்ங்கிற பேர்ல ₹46,800 போச்சு: மலை ஊர்க்காரங்க படிச்சிடுங்க

ஆறு ஜன்னலுக்கு உள்பக்கமா ஆளுக்கொரு ரெண்டாவது ஜன்னல். ₹46,800. மாட்டி இன்னும் இருபது நாள் ஆகலை, ரெண்டு ஜன்னலோட கீழ்ச்சட்டத்துல கருப்புப் பூசணம் ஏறிருச்சு. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

கடை பேர் போடலை. கீழே சமவெளியில யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலும் கண்ணாடி வேலையும் எடுத்துச் செய்யற ஒரு கடை, அவ்வளவுதான்.

வீடு வால்பாறையில. பழைய தேக்கு ஜன்னல், 4 மி.மீ. ஒத்தைக் கண்ணாடி. மார்கழி வந்தா விடிகாலையில கண்ணாடி உள்பக்கம் வேர்த்து ஊத்தும், சட்டத்துச் சந்துல காத்து விசில் அடிக்கும். குளிர் நாடுகள்ல இதுக்குன்னே, ஏற்கெனவே இருக்கிற ஜன்னலோட சேர்த்து இன்னொரு ஜன்னல் மாட்டுவாங்க, ஸ்டார்ம் விண்டோன்னு பேரு. அந்த யோசனையில குத்தம் இல்லை. அறைக்குள்ள 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னா, 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து கிடக்கிற எதுல பட்டாலும் காத்துல இருக்கிற ஈரம் தண்ணியாகும். வெளியே 10 டிகிரி இருக்கிற ராத்திரியில ஒத்தைக் கண்ணாடியோட உள்முகம் 12, 13ல நிக்கும். ரெண்டு செ.மீ. காத்து இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு கண்ணாடியோ, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடோ போட்டா, அந்தத் தகடோட உள்முகம் 16 பக்கம் வந்துரும். வேர்க்காது.

ஆனா ஒண்ணு. உள்ளே இருக்கிறது காத்துப் புகாம இறுகணும், வெளியே இருக்கிறது கொஞ்சம் மூச்சு விடணும். மாத்திச் செஞ்சா வீட்டு ஈரம் நடுச்சந்துக்குள்ள போய், வெளிக்கண்ணாடியில தண்ணியாகி அங்கேயே தேங்கும். வீட்டு ஈரம்னா சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வருது. 14.2 கிலோ சிலிண்டர் தீர்றப்ப இருபது லிட்டருக்கு மேல ஆச்சு. துணி உலர்த்துறது, குளிக்கிற வெந்நீர் எல்லாம் தனிக்கணக்கு.

நம்பினது எங்கேன்னு சொல்றேன். கடையில ஒரு மாதிரி ஜன்னல் நிறுத்தி வெச்சிருந்தாங்க. பின்னாடி டேபிள் ஃபேனை ஓடவிட்டு, கடைக்காரர் ஊதுபத்தி ஒண்ணைக் கொளுத்தி ரப்பர் ஓரமா மெதுவா நகர்த்திட்டே வந்தார். நாலு மூலையிலயும் புகை ஆடாம நூல் புடிச்ச மாதிரி நேரா மேலே போச்சு, அதாவது காத்து கசியலை. ரப்பரை நகத்தால அழுத்தினா உடனே எழும்புச்சு, வெயில் மழை தாங்கற நல்ல ஈபிடிஎம் ரப்பர். தகடு 3 மி.மீ. அக்ரிலிக். "நம்மூர்க்காரருக்கு வேற பொருள் போடுவமாங்ணா?"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு ₹40,000 அட்வான்ஸ், பில் இல்லாம. மாட்டின அன்னிக்கு மீதி ₹6,800. ரப்பரை அழுத்திப் பார்க்கத் தெரிஞ்ச கைக்கு பில் கேட்கத் தோணலை.

மாட்டினது வேற. தகடு அக்ரிலிக் இல்லை, பாலிஸ்டைரீன்ங்கிற வேற பிளாஸ்டிக். ஓரத்துல ஒரு சிம்பு ஒடிச்சுக் கொளுத்தினா கருகருன்னு புகை, அறையெல்லாம் நூல் நூலா கரி பறக்குது. அக்ரிலிக் எரிஞ்சா இப்படிப் புகையாது. ரப்பர் இருக்க வேண்டிய இடத்துல வெள்ளை ஸ்பாஞ்ச் டேப், அதுவும் மூணு பக்கம்தான், கீழ்ப்பக்கம் வெறும் சந்து. ஸ்பாஞ்ச் தண்ணி குடிக்கும், குடிச்சதை விடாது. தகடைச் சுத்தி இடைவெளியே விடாம இறுக்கி ஸ்க்ரூ அடிச்சிருக்காங்க. பிளாஸ்டிக் தகடு 4 அடி நீளத்துக்கு 30 டிகிரி சூடு ஏறினா ரெண்டரை மி.மீ. விரியும், அதுக்கு இடம் வேணாமா? மேக்கு ஜன்னல்ல ஸ்க்ரூத் துளையிலிருந்து விரிசல் ஓடிருச்சு.

எல்லாத்தையும் விடக் கொடுமை வெளிப்பக்கம். தேக்கு ஜன்னலைச் சுத்தி முழுக்கச் சிலிக்கான் இழுத்து, கீழ்ச்சட்டத்துல தண்ணி வடியற ரெண்டு துளையையும் சேர்த்து அடைச்சிட்டாங்க. "இனி ஒரு சொட்டு உள்ள வராதுங்ணா"ன்னு பெருமை வேற! உள்ளே சேர்ற தண்ணி வெளியே போக வழியில்லைங்கிறது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதுவும் வினிகர் வாசம் அடிக்கிற மலிவுச் சிலிக்கான். பித்தளைக் கொண்டி பச்சை பூத்து நிக்குது.

கூப்பிட்டா முதல் பதில்: "புதுசுல அப்படித்தானுங்க, செட்டாகோணும்." ஒரு வாரம் கழிச்சு: "உங்க வூட்ல ஈரம் ஜாஸ்திங்ணா." ஈரம் ஜாஸ்தின்னுதானேய்யா உங்கிட்ட வந்தது! அப்புறம், மாட்டற ஆள் ஊருக்குப் போயிட்டான்னார். அப்புறம், ஆழியாறுல இருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, பனியில வண்டி ஏறாது, தை பிறக்கட்டும். கடைசியா, "வாரண்டிக்கு பில் வேணுமுங்களே." அதோட போட்டோ அனுப்பினா ரெண்டு நீலக் கோடு மட்டும் வருது, பதில் வரலை. ₹46,800ங்க!

எப்படி மாட்டணும்னு அளவு எடுக்கிறதுல இருந்து முழுசா எழுதறதாத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது மட்டும். மாதிரியில காட்டின ரப்பர்லயும் தகடுலயும் ஒரு சாண் துண்டு வாங்கி வீட்ல வெச்சுக்கங்க, வர்ற பொருளோட ஒப்பிட்டுப் பாருங்க. அகலம் மூணு இடம், உயரம் மூணு இடம், ரெண்டு மூலைவிட்டமும் அளக்காத ஆளை அனுப்பிடுங்க, பழைய சட்டம் எதுவும் நேர்கோணமா இருக்காது. உள்தகடு கழட்டித் துடைக்கிற மாதிரிதான் இருக்கணும். வடிகால் துளை பக்கம் சிலிக்கான் துப்பாக்கி வந்தா கையைப் புடிங்க. மீதிப் பணத்தை ஊதுபத்தி பார்த்துட்டுக் குடுங்க.

பில் இல்லாட்டியும் ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். 1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு, அடுத்து கோவை நுகர்வோர் ஆணையம். குடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும்னா அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. தேக்குக்கு அவ்வளவு டைம் இல்லை. நாளைக்குக் காலையில கட்டர் பிளேடு வெச்சு அந்தத் துளைங்களை முதல்ல அறுத்துத் திறந்து விடணும்.