பழைய கல்யாணக் கேசட்டுகளும் நானும்: இரண்டரை வருட அனுபவம்

எங்கள் வீட்டுப் பரணில் 14 வி.எச்.எஸ். கேசட்டுகள் கிடந்தன. சித்தப்பா கல்யாணம், என் காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் அதில்தான். கடையில் கொடுத்து ஒன்றை டிஜிட்டலுக்கு மாற்றிப் பார்த்தேன். நாலுக்கு மூன்று அளவிலிருந்த படத்தை டிவி அகலத்துக்கு இழுத்து, வந்தவர்கள் எல்லோரையும் குண்டாக்கிக் கொடுத்தார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

முதல் தலைவலி டெக், அதாவது கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவி. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாயும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் பழையதுதான் கிடைக்கும். வாங்கும்போது வேண்டாத ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. முதல் டெக் காதுகுத்துக் கேசட்டின் நாடாவைக் கொஞ்சம் மென்றுவிட்டது. இரண்டாவது டெக் இன்றுவரை ஓடுகிறது. நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது கேப்சர், அதாவது டெக்கில் ஓடுவதைக் கணினியில் பதிவது. மலிவான யு.எஸ்.பி. கருவி ஒன்றை நேராக டெக்கில் மாட்டினேன். அரை மணி நேரம் ஓடியதும் ஐயர் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம். பழைய நாடாவிலிருந்து வரும் சிக்னல் சீராக இருக்காது. கருவி தடுமாறி சில ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) விட்டுவிடும், ஒலி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா கிடந்த டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாக சிக்னலைச் சீராக்கி அனுப்பினேன். பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. இந்த ஒரு விஷயத்துக்கே எனக்கு நாலு மாதம் போனது.

பதிவை முதலில் நேராக எம்பி4 ஆக்கினேன், அது தப்பு. இப்போது விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யூவி கோடெக் போட்டுப் பதிகிறேன். மணிக்கு 30 ஜிபி தின்னும், ஆனால் மூலப் பிரதி கெடாமல் இருக்கும். நம் ஊர் கேசட்டுகள் பால் (PAL) என்ற பழைய டிவி முறையில் பதிவானவை. நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதி. அப்படியே கணினியில் போட்டால் யாராவது கையை வீசும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரியும். அதை நொடிக்கு 50 முழுப் படங்களாக மாற்றுங்கள். 25ஆகக் குறைத்தால் கேசட்டில் இருந்த வழுவழுப்பான அசைவு போய்விடும்.

படத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. மென்பொருள் ஒன்றுக்கும் பணம் கட்டினேன். சுவர், கோலம், வாழைமரமெல்லாம் பளிச்சென்று வந்தன. பாட்டி முகம்தான் மெழுகு பொம்மை. மூக்குத்தியைப் படத்தில் விழுந்த புள்ளி என்று நினைத்து அழித்தேவிட்டது! அடுத்த வருடம் புதுப்பிக்கவில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் நிறத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்கிறேன். ஹாலஜன் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப்போன முகங்களை எதுவும் மீட்காது. அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சித்தப்பா கல்யாணத்தில் அந்தக் காலத்து மிக்ஸிங் முழுசாக இருக்கிறது. இதய வடிவத்துக்குள் சித்தி சுழல்வார், பின்னால் சினிமாப் பாட்டு. பாட்டைப் போட்டதில் மண்டபத்துச் சத்தமே போய்விட்டது, திரும்பி வராது. இதயத்தையெல்லாம் வெட்டி எறிந்து, மூன்று மணி நேரத்தை 22 நிமிடமாக்கி, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் அத்தை கேட்டார்: "பந்தி எங்கடா?"

பந்தியைத்தான் முதலில் வெட்டியிருந்தேன். இலை இலையாகக் கேமரா நகர, சாப்பிடுகிறவர்கள் கூச்சத்தோடு தலை குனிய, 18 நிமிடம். அதில்தான் மாமா இருந்தார், உயிரோடு, இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டு. அன்றிரவே பந்தியை அப்படியே திரும்பச் சேர்த்தேன். சித்தி கேட்டதால் இதயமும் வந்துவிட்டது.

11 கேசட் முடிந்தது. மிச்சம் மூன்றில் ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அதை டெக்கில் போட்டால் ஹெட்டுக்கும் தொற்றி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நாடாவைத் துடைப்பதற்கென்றே இன்னொரு பழைய டெக் தேடிக்கொண்டிருக்கிறேன்.