கண்டிப் படக்கடை ஒன்றும் இரண்டு கிளர்ச்சிகளும்

கண்டி நகரின் குறுக்குத் தெரு ஒன்றில், பழைய படங்களை மறுபதிப்புச் செய்து சட்டமிட்டு விற்கும் சிறிய கடை இருக்கிறது. எங்கள் தோட்டப் பாடசாலையின் நூலகச் சுவருக்கென, 1818, 1848 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிகளோடு தொடர்புடைய நான்கு படங்களைக் கடந்த மாதம் அங்கே வாங்கினேன். வேலைப்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. மலைநாட்டு ஈரத்தில் தாளில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்துப் பின்புறத்தை முழுமையாக ஒட்டித் தருகிறார்கள். ஒரு படத்தின் கொளுக்கி மட்டும் வீடு வருமுன்னே கழன்றது. மறுவாரம் காசு வாங்காமல் மாற்றித் தந்தார்கள்.

முதலாவது படம், 73 ஆம் படையணியைச் சேர்ந்த லெப்டினன் வில்லியம் லிட்டில்டன் வரைந்து 1819 இல் லண்டனில் வெளியான, கண்டிக்கு அருகிலுள்ள பலன மலைச்சிகரக் காட்சி. தொலைமலைகளின் மெல்லிய சாயல்கூடக் கெடாமல் அச்சாகியிருக்கிறது. அதன் அழகே என் மனத்தை உறுத்துகிறது. அது வெளியானதற்கு முந்தைய ஆண்டுதான், ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வீடுகளையும் விளைச்சலையும் எரித்துக் கிளர்ச்சியை அடக்கின. அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, போரிலும் பசியிலும் நோயிலும் மாண்ட உள்நாட்டவர் 10,000 பேர்வரை இருக்கலாம் என்று 1821 இல் எழுதினார். பலன ஊவாவில் இல்லை. ஓவியர் எதையும் மறைத்தார் என்று நான் குற்றஞ்சாட்டவும் இல்லை. ஆனாலும் லண்டன் வரவேற்பறையொன்றில் அதைப் பார்த்தவருக்கு, கண்டி என்பது கைக்கு வந்துவிட்ட எழில்மிகு மலைநாடாகவே பதிந்திருக்கும். இரண்டாவதான அன்ட்ரூ நிக்கலின் நீர்வண்ண ஓவியமும் இப்படித்தான். 1848 இல் புராதன இடிபாடுகளை வரையப் புறப்பட்ட அவர் கிளர்ச்சியின் நடுவே அகப்பட்டுக்கொண்டார். நான் வாங்கிய படத்திலோ இடிபாடுகளும் காடும் மட்டுமே உள்ளன.

மற்ற இரண்டும் பிற்கால உள்ளூர் ஓவியங்களின் அச்சு. 1848 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு, துப்பாக்கிகளுக்கு முன் நிமிர்ந்து நிற்கும் படம் சுமார்தான். வண்ணம் அளவுக்கு மிஞ்சிச் சிவந்திருக்கிறது. 1818 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பட்டிப்பொல திசாவையின் (திசாவை என்றால் மாகாண அதிகாரி) படம் அப்படியல்ல. 1818 நவம்பர் 26 அன்று, தலை வெட்டப்படுமுன், கண்டியின் போகம்பறையில் அவர் முடியை உச்சியில் முடிந்து, கண்களை மூடி நிலத்தில் அமர்ந்திருக்கிறார். பின்னால் நிற்பவனின் வாள், சட்டத்தின் விளிம்பில் பாதி வெட்டுண்டு தெரிகிறது. முடியை முடிந்த விபரம் மருத்துவர் ஹென்றி மார்ஷல் எழுதிவைத்ததோடு ஒத்துப்போகிறது. அதே மார்ஷல்தான் அவருடைய மண்டையோட்டைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். எடின்பரோவில் காட்சிப்பொருளாக இருந்த அது 20 ஆம் நூற்றாண்டில்தான் திரும்பி வந்தது. எங்கள் பிள்ளைகள் மலைக்காட்சிகளைக் கடந்து போய், இந்தப் படத்தின் முன்தான் நிற்கிறார்கள்.

முதலாளி ஐந்தாவதாக ஒரு படத்தையும் எடுத்துக் காட்டினார். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆணையால், அவனுக்கு எதிராகத் திரும்பிய பிரதானி எஹெலேபொலவின் மனைவி குமாரிஹாமியின் பிள்ளைகள் 1814 இல் கொல்லப்பட்டதும், அவர்களின் தலைகளை உரலில் இடிக்கத் தாய் கையில் உலக்கை பிடிக்கவைக்கப்பட்டதும் அதில் இருந்தன. “மாஸ்டர், இதுதான் கூடுதலாகப் போகிற படம்” என்றார். நான் வாங்கவில்லை. அந்தக் கொடுமை நடக்கவில்லை என்பது என் எண்ணமல்ல. அந்தத் தாயை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பதறும். ஆனால் தனியாகத் தொங்கும் அந்தப் படம், 1815 இல் ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்ததை மீட்பாகக் காட்டிவிடுகிறது. அவர்களும் அரசனின் கொடுங்கோன்மையையே காரணமாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு மார்ச் 2 ஆம் திகதிய கண்டி ஒப்பந்தம், “மலபாரிகள்” எனப்பட்ட, தென்னிந்திய வழிவந்த அரச உறவினரின் உரிமையையும் இல்லாமலாக்கியது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைத் தமிழ் அரசன் என்றே கேட்டு வளரும் எங்கள் பிள்ளைகள், அந்த உலக்கையைப் பார்த்து எதைச் சுமந்துகொண்டு வீடு போவார்கள்?

இரண்டே ஆண்டுகளில், 1817 இல், அதே மலைநாட்டுச் சிங்கள மக்கள் யாரைச் சுற்றித் திரண்டார்கள் என்பதை எந்தக் கடையிலும் படமாக நான் காணவில்லை. வில்பாவே என்ற முன்னாள் பிக்கு, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அதே நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி தாமே என்று கூறியபடியால்தான் ஆரம்பத்தில் அத்தனை பேர் அவர் பின்னால் போனார்கள். அவர் சொன்னது பொய்யென்று பின்னர் தெரியவந்தது உண்மைதான். எனினும் அந்தப் பெயருக்கு அன்று அவ்வளவு வலு இருந்தது. அந்தக் காட்சியை யாராவது வரைந்து தந்தால், எங்கள் நூலகத்தில் நடுச்சுவரை ஒதுக்கித் தருவேன்.

கடையின் பெரிய குறை, எந்தப் படத்திலும் யார், எப்போது, யாருக்காக வரைந்தது என்று ஒரு வரியும் இல்லாதது. இதைச் சொன்னபோது முதலாளி முகம் சுளிக்கவில்லை. “நீங்கள் எழுதித் தாருங்கள் மாஸ்டர், அச்சடித்து ஒட்டுகிறேன்” என்றார். லிட்டில்டனுக்கும் நிக்கலுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கெப்பட்டிப்பொல படத்துக்கான அட்டையில், ஓவியர் பெயர் வரவேண்டிய இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.