விளக்குப் படத்தோடு ஒரு தாளும் கொடுத்த ஸ்டுடியோ

நாச்சியார்கோவிலில் எங்களுக்குக் குத்துவிளக்குக் கடை. ஐப்பசி முதல் வாரத்தில் 14 விளக்குகளைப் படம் எடுக்க, கும்பகோணம் மகாமகக் குளத்துப் பக்கம் மாடியில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். 6,500 ரூபாய் ஆனது. மனசு நிறைந்துதான் கொடுத்தேன்.

பாலிஷ் போட்ட பித்தளையைப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எடுப்பவரின் சட்டை, கேமரா, ட்யூப்லைட் எல்லாம் தண்டில் தெரியும். இந்தத் தம்பி விளக்கைச் சுற்றி வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டு, ஒரு இடுக்கு வழியாகக் கேமராவை நீட்டி எடுத்தார். உச்சியில் உள்ள அன்னத்தின் சிறகில் என் மாமனார் வெட்டிய உளிக்கோடு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

முந்தின வருஷம் கார்த்திகைக்கு நோட்டீஸ் அடித்தபோது, கூகுளில் கிடைத்த விளக்குப் படம் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டேன். படம் எடுத்தவரே போன் செய்தார். “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேக்கா” என்றார். அது இன்னும் உறுத்துகிறது. அவருக்குரிய பணத்தைக் கொடுத்து, மிச்ச நோட்டீஸை விநியோகிக்காமல் நிறுத்திவிட்டேன். வேறு எங்கோ வார்த்த விளக்கை நாச்சியார்கோவில் விளக்கு என்று விற்றால் எங்களுக்கு வயிறு எரியாதா? புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. அவருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்!

அதனால் இந்தத் தம்பி பென்டிரைவோடு ஒரு தாளையும் நீட்டியபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. நான் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்கள் என்பதால் உரிமை எனக்கே என்று அதில் தமிழில் எழுதியிருந்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். தம்பி தன் விருப்பத்துக்கு எடுத்த படம் என்றால் அது அவருடையது.

அப்புறம் இரண்டு படங்களைத் தன் ஆல்பத்தில் வைத்துக்கொள்ள என்னிடம் அனுமதி கேட்டார். சரி என்றேன். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்கினார். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ளுமாம். அதனால் 2 வருஷம் என்று போட்டோம். நான் படங்களை எங்கே போட்டாலும் எடுத்தவர் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன். அது அவர் உழைப்பு.

பட்டறைக்கும் ஒருநாள் வந்து, எங்களிடம் வேலை பார்க்கும் பெரியவர் வண்டல் மண் அச்சில் பித்தளை ஊற்றுவதை எடுத்தார். படம் என்னுடையதாகவே இருந்தாலும் முகம் அவருடையது என்று சொல்லி, விளம்பரத்தில் போடலாமா என்று பெரியவரிடமே உட்கார்ந்து கேட்டார். பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்.

குறை என்றால், சொன்ன தேதிக்கு எட்டு நாள் கழித்துத்தான் படங்கள் கைக்கு வந்தன. கார்த்திகை நெருங்கும் நேரத்தில் எனக்கு அது பெரிய தவிப்பு. மாடிப்படியும் குறுகல். அஞ்சடி விளக்கு என்றால் தண்டு, தாம்பாளம், அடிப்பாகம் என்று கழற்றிக்கொண்டு போங்கள். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம்.